பிசிஷியனா, சர்ஜனா? கடனையும் வயதையும் வைத்து ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 26. மருத்துவப் பட்டமும் பயிற்சி ஆண்டும் முடிந்துவிட்டன. பட்டப்படிப்புக்கு வாங்கிய கல்விக்கடன் 9% வட்டியில் அப்படியே நிற்கிறது. அப்பா 4 ஆண்டில் ஓய்வு பெறுகிறார். மேற்படிப்பில் பொது மருத்துவமா, அறுவை சிகிச்சையா என்று குழப்பம். சர்ஜனுக்குத்தான் வருமானம் அதிகம் என்கிறார்கள். பணக் கணக்கில் எது சரி?

பதில்: சர்ஜனுக்கு வருமானம் அதிகம் என்பது பாதி உண்மை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பவரும், எண்டோஸ்கோப்பி செய்யும் குடல்நோய் நிபுணரும் பொது மருத்துவம் படித்து வந்தவர்கள்தான். ஆனாலும் பல சர்ஜன்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ சம்பாதிக்கிறார்கள். உட்கார்ந்து பேசி நோயைக் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் கட்டணத்தைவிட, கையால் ஒரு செயல்முறை செய்வதற்குக் கிடைக்கும் கட்டணம் பல நாடுகளில் அதிகம். ஆகவே பிரிவின் பெயரைப் பார்ப்பதைவிட, நீங்கள் கடைசியில் போய் நிற்கப்போகும் துணைப்பிரிவைப் பாருங்கள்.

அடுத்தது காலம். அமெரிக்காவில் பொது மருத்துவப் பயிற்சி 3 ஆண்டு, பொது அறுவை சிகிச்சை 5, நரம்பியல் அறுவை சிகிச்சை 7. ஆனால் அங்கேயே இதயநோய் நிபுணராக 3+3 என்று 6 ஆண்டு ஆகிவிடும். பொது சர்ஜன் அவருக்கு முன்பே வெளியே வந்துவிடுவார். இந்தியாவில் பொது மருத்துவத்துக்கான எம்.டி.யும் அறுவை சிகிச்சைக்கான எம்.எஸ்.ஸும் 3 ஆண்டுதான். அதற்கு மேல் துணைப்பிரிவுக்கு, மருத்துவத்தில் டி.எம். என்றாலும் அறுவையில் எம்.சிஎச். என்றாலும் இன்னொரு 3. இடம் கிடைக்காமல் நுழைவுத் தேர்வுக்கு மறுபடி உட்காரும் ஆண்டுகளை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். அந்த ஆண்டிலும் வட்டி ஓடும்.

எவ்வளவு ஓடும்? உங்கள் கடனை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே கட்டாமல், வட்டி ஆண்டுக்கொருமுறை அசலில் சேர்ந்தால் 3 ஆண்டில் 129.5, 5 ஆண்டில் 154, 7 ஆண்டில் 183. மேற்படிப்புக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகையிலிருந்து மாதம் 0.75 மட்டும், அதாவது வட்டியை மட்டும், கட்டிக்கொண்டே வந்தால் 5 ஆண்டு கழித்தும் 100 அப்படியே 100தான். பிறகு 7 ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை, 5 ஆண்டில் 154 ஆன முதல் வகையில் 2.48, இரண்டாவது வகையில் 1.61. முதலில் கடன் தந்தவரிடம் எழுத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேற்படிப்புக்கும் தவணை விடுப்பு நீளுமா? அந்தக் காலத்து வட்டி எப்போது அசலில் சேரும்? பட்டப்படிப்பு முடிந்ததுமே விடுப்பும் முடிந்துவிடும் ஒப்பந்தங்கள் உண்டு. அது தெரியாமல் முதல் தவணை தவறினால், பின்னாளில் கிளினிக் கடன் கேட்டுப் போகும்போது அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும்.

தாமதமாகச் சம்பாதிக்கத் தொடங்குவது பெரிய நஷ்டமா? 28 வயதில் தொடங்கி 60 வரை ஆண்டுக்கு 1 வீதம் 8% வளர்ச்சியில் சேர்த்தால் சுமார் 134 வரும். 32 வயதில் தொடங்கினால் 95. அதே 134ஐ எட்ட, ஆண்டுக்கு 1.4 சேர்க்க வேண்டும். தேர்ந்த சர்ஜனுக்கு அது தலைபோகிற காரியமில்லை. 36 வயதில் முதல் பெரிய வருமானம் வந்ததும் வீடு, கார், சொந்த மருத்துவமனை என்று மூன்று தவணையையும் ஒரே ஆண்டில் தொடங்குகிறார்களே, கணக்கு கவிழ்வது அங்கேதான்.

வருமானம் வரும் விதமும் வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வருபவர் பிசிஷியனிடம் ஆண்டுக்கு நான்கு முறையாவது வருவார். கூட்டம் மெதுவாகச் சேரும், சேர்ந்தால் சுலபத்தில் கலையாது. கையில் வலு குறைந்தாலும் 70 வயதில் புறநோயாளிகளைப் பார்க்கலாம். சர்ஜனிடம் வந்தவர் பித்தப்பையை எடுத்துவிட்டால் கிளம்பிவிடுவார். அடுத்தவரை இன்னொரு மருத்துவர்தான் அனுப்ப வேண்டும். ஊர் மாறினால் அந்தத் தொடர்பை முதலிலிருந்து கட்ட வேண்டும். கட்டணம் பெரிதாகத் தெரிந்தாலும் அதற்குள் பின்கவனிப்பும் அடங்கியிருக்கும்: முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு 90 நாள் வரை வழக்கமான பரிசோதனைகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் பணம் தரும்வரை தாக்குப்பிடிக்க, சர்ஜன் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருப்பது நல்லது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிசிஷியனுக்கு மூன்று மாதம் போதும்.

சொந்தமாக லேப்ராஸ்கோப்பி கருவி (சிறு துளை வழியாக அறுவை செய்வது) வாங்கும் ஆசை வந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். மாதத் தவணை 12, பராமரிப்பு 2, ஒரு அறுவையில் செலவு போக நிற்பது 1 என்றால், மாதம் 14 அறுவை செய்தால்தான் கையைக் கடிக்காது. 14 வராத வரை மருத்துவமனையின் கருவியிலேயே செய்யுங்கள்.

இனி, சர்ஜன் வழியில் போகிறவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம்: காப்பீடு. 2011ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஓர் ஆண்டில் இழப்பீட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் நரம்பியல் சர்ஜன்களில் 19.1%, பொது சர்ஜன்களில் 15.3%, குடும்ப மருத்துவர்களில் 5.2%. நாட்டுக்கு நாடு எண் மாறும். இப்படிப்பட்ட வழக்குகளுக்கான காப்பீட்டில் சர்ஜனுக்குப் பிரீமியம் ஏன் அதிகம் என்பது மட்டும் இதிலேயே புரியும். பாலிசியில் முன்தேதி என்று ஒன்று இருக்கும்; அந்தத் தேதிக்குப் பிறகு செய்த சிகிச்சைகளுக்குத்தான் காப்பு. மூன்றாம் ஆண்டில் செய்த அறுவைக்கு ஆறாம் ஆண்டில் நோட்டீஸ் வருகிறது என்று வையுங்கள். வழக்கு வரும்போது நடப்பிலுள்ள பாலிசிதான் பொறுப்பேற்கும் வகை என்றால், அதன் முன்தேதி அந்த அறுவைக்கு முந்தியதாக இருக்க வேண்டும். நடுவில் நிறுவனம் மாறி முன்தேதியை இழந்தவருக்கு, மாறுவதற்கு முன் செய்த அறுவைகளுக்குக் காப்பில்லை. மருத்துவமனை எடுத்திருக்கும் பாலிசியில் உங்கள் பெயர் தனியாக இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஊனக் காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள். “எந்த வேலையும் செய்ய இயலாத நிலை” என்று இருந்தால், ஆட்காட்டி விரல் மரத்துப்போன சர்ஜனுக்கு ஒரு காசு வராது. புறநோயாளிகளைப் பார்க்கலாமே என்று மறுத்துவிடுவார்கள். “தன் சொந்தப் பிரிவின் வேலையைச் செய்ய இயலாத நிலை” என்று இருக்க வேண்டும். கழுத்து வலிக்கு மருத்துவச் சீட்டு எழுதப்படும் முன்பே, பயிற்சிக் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். பிறகு அதையே விலக்காக எழுதிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் ஓய்வுக்குப் பிறகு வீட்டுச் செலவு உங்களை நம்பி இருக்குமானால், 30 வயதில் உங்களுக்கு முழுச் சம்பளம் வந்தாக வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் இரண்டு பிரிவுக்கும் ஒரே 3 ஆண்டுதான் என்றால் பிடித்ததை எடுங்கள். துணைப்பிரிவை மட்டும் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டு, நடுவில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு 5 ஆண்டு ஆகுமென்றால், உதவித்தொகையில் வட்டியும் வீட்டுப் பங்கும் போக உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது என்றால் பொது மருத்துவமே இப்போதைக்குச் சரி. செயல்முறை செய்யும் ஆசையை இதயநோய், குடல்நோய்ப் பிரிவுகளில் பின்னால் தீர்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு ஓய்வூதியம் இருந்து வீடு தன் காலில் நிற்குமென்றால், இரண்டு ஆண்டு தாமதத்தைக் காரணம் காட்டி அறுவை சிகிச்சையை விட வேண்டியதில்லை.