மகள் பிரார்த்தனையை விட்டாள், சேவையை விடவில்லை

கேள்வி: நாள் தவறாத பிரார்த்தனையோடு என் மகளை வளர்த்தேன். நோயுற்றவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளையும் உடன் அழைத்துச் செல்வேன். இன்று அவள் அகதிகள் முகாம்களில் செவிலியராகப் பணிபுரிகிறாள்; ஆனால் வழிபாட்டில் நாட்டமில்லை என்கிறாள். அண்மையில் ஒரு கூட்டத்தில், தான் இந்தப் பணிக்கு வர அம்மாதான் காரணம் என்று பேசினாளாம். நான் பெருமைப்படுவதா, வருந்துவதா? அவளை மீண்டும் பிரார்த்தனைக்குத் திருப்புவது என் கடமையல்லவா?

பதில்: தயக்கமின்றிப் பெருமைப்படுங்கள். உங்கள் வருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. தாம் உயிராகப் போற்றும் ஒன்றை, தாம் பெற்ற பிள்ளையே ஒதுக்கிவைப்பதைக் காண எந்தத் தாய்க்கும் மனம் பொறுக்காது.

செஞ்சிலுவை இயக்கம் தோன்றக் காரணமான ஹென்றி துனாந்தின் வாழ்க்கை உங்கள் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. 1828-இல் ஜெனீவாவில், கால்வினியம் என்னும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ நெறியில் ஊறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை ஆதரவற்ற குழந்தைகளுக்கும் சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கும் உதவினார். தாய் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்தார். 1859-இல் தொழில் நிமித்தமாக இத்தாலிக்குச் சென்ற துனாந்த், சோல்பெரினோ போரில் காயமடைந்த ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டு, வந்த வேலையை மறந்து, அருகிலிருந்த காஸ்திலியோனே ஊர்மக்களைத் திரட்டி, எந்தப் படையினர் என்று பாராமல் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். நான்கு ஆண்டுகளில் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. அதே துனாந்த் முதுமையில் திருச்சபையை விட்டு வெகுதூரம் விலகினார்; 1910-இல் இறந்தபோது, அவர் விரும்பியவாறே சடங்கு எதுவுமின்றி அடக்கம் செய்யப்பட்டார். பெற்றோர் அவருக்கு ஊட்டியது வீணாயிற்று என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பிரார்த்தனையும் நோயாளியின் அருகில் அமர்வதும் உங்களுக்கு ஒன்றே. சிறுமியாக உடன் வந்தவளுக்கு இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதை அவள் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றையும் கவனியுங்கள். செஞ்சிலுவை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் வகுத்த நடத்தை நெறிகள், நிவாரண உதவியைச் சமய, அரசியல் நிலைப்பாடுகளைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. எல்லாச் சமயத்தவரும் வந்து நிற்கும் முகாமில் பணிபுரிவோர் தம் நம்பிக்கையைப் பற்றிப் பேசாதிருக்கப் பழகிவிடுவதுண்டு. உங்கள் மகளின் விலகலுக்கு அதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவள் மௌனம் முழுவதையும் மறுப்பென்று கொள்ள வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில் அவள் பேசியதைப் பிறர் சொல்லித்தான் அறிந்திருக்கிறீர்கள். அதை அவளிடமே கேளுங்கள்; எந்த நாள், எந்த நோயாளி அவள் மனத்தில் தங்கினார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு நினைவில்லாத ஒன்றை அவள் சொல்லக்கூடும்.

கடமை பற்றிய கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. வளர்ந்த மகளை வற்புறுத்தினால், அவள் உங்களுக்குக் காட்டிய நன்றியையே தூண்டிலாக மாற்றியது போலாகிவிடும். அதைவிட நான் அஞ்சுவது அவளுடைய சோர்வைத்தான்; நாள்தோறும் பிறர் துயரத்துக்கு நடுவில் நிற்பவர்கள் ஒரு கட்டத்தில் உள்ளுக்குள் வறண்டுபோவதுண்டு. தூங்குகிறாளா, மனம் விட்டுப் பேச அங்கே யாராவது இருக்கிறார்களா, விடுப்பு எடுக்கிறாளா என்று கேளுங்கள். அவளுக்காக நீங்கள் பிரார்த்திப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்யலாம், பதிலுக்கு எதையும் கேட்காமல்.