தாத்தாவின் ராலே சைக்கிளுக்கு மெட்டாலிக் பெயின்ட் சரிவருமா?

கேள்வி: தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ராலே சைக்கிள் வீட்டில் இருக்கிறது. மினுமினுப்பான சிவப்பு. பாரிலும் பின் மட்கார்டிலும் நிறம் தேய்ந்து வெள்ளி தெரிகிறது. எங்கள் ஊர் பெயின்டர், கார் மெட்டாலிக் மெரூன் அடித்தால் அதே மாதிரி வந்துவிடும் என்கிறார். போனில் பேசிய இன்னொருவர், ‘ஒரிஜினல் இம்போர்ட்டட் கேண்டி’ என்று 18,000 ரூபாய் கேட்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?

பதில்: தேய்ந்த இடத்தில் வெள்ளி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மெட்டாலிக் என்றால் நிறத்தோடு அலுமினியத் துகளைக் கலந்த பெயின்ட். அது தேய்ந்தால் அடியில் பிரைமரோ இரும்போதான் தெரியும். உங்கள் சைக்கிளில் முதலில் வெள்ளி அடித்து, அதன்மேல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சிவப்பை ஏற்றியிருக்கிறார்கள். வெளிச்சம் சிவப்பைக் கடந்துபோய் வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம் வருகிறது. இங்கிலாந்து சைக்கிள்காரர்கள் இதை ஃப்ளாம்பாயன்ட் என்றார்கள். இன்று பெயின்டர்கள் கேண்டி என்கிறார்கள்.

அதனால் உங்கள் ஊர் பெயின்டர் சொல்வது சரிவராது. மெரூன் மினுங்கும், ஆனால் ஆழம் இருக்காது. அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், கேண்டி அடித்துப் பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான். இப்படிப் போனில் பேசுபவர்களில் பலர் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் பிடித்தவர்களே அல்ல. சைக்கிளை வாங்கி பெயின்டுத் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கும் ஏதோ ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் தள்ளிவிட்டு நடுவில் காசு பார்ப்பவர்கள். அந்தக் காலத்தில் ஃபாக்டரியில் அடித்த பெயின்டை இவர் எங்கிருந்து கொண்டுவரப் போகிறார்? பவுடர் தடிமனாக உட்கார்ந்து, குழாய்கள் சேரும் லக்குகளின் கூரான ஓரத்தை மழுக்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய பெயின்டை எடுக்க மணல் அடிப்பது. பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப்பின் மரை ராலேயில் அங்குலத்துக்கு 26. மற்ற இங்கிலீஷ் சைக்கிள்களில் 24. மரையை மூடாமல் மணல் அடித்துக் கெடுத்த ஒரு ஃப்ரேம் என்னிடம் வந்தது. கடையில் கிடைக்கும் கப் எதுவும் அதில் ஏறவில்லை. பெயின்டை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், மரை போனால் போனதுதான்.

சரி, அடிப்பதற்கு முன் ஒன்று. ஃப்ரேமில் முக்கால் பங்கு பழைய பெயின்டும் ராலே எழுத்தும் நன்றாக இருந்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, பிறகு மெழுகு, இவை போதும். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம், எழுத்து கரைந்துவிடும். தேய்ந்த இடத்தில் மட்டும் கேண்டியைத் தொட்டு வைக்கவும் முடியாது. ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு கறுத்துக்கொண்டே போகும் என்பதால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். பாரில் இருக்கும் தேய்மானம் தாத்தா காலைத் தூக்கிப் போட்ட இடமாகத்தான் இருக்கும். அதை அப்படியே விடுங்கள். பின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்று இருந்தால் பக்கத்திலேயே ஆண்டும் மாதமும் எண்ணாக அடித்திருக்கும், 68 5 என்றால் 1968 மே. இப்படி வயது தெரிந்த, சொந்த பெயின்டோடு இருக்கும் சைக்கிளுக்கு உள்ள மதிப்பு எந்தப் புதுப் பெயின்டுக்கும் வராது.

துரு ஏறி உரிந்துபோயிருக்கிறது, அடித்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் ஊர் பெயின்டரிடமே கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். வெள்ளி மெல்லிய துகளாக இருக்க வேண்டும். தங்க நிறத்தின் மேல் அடித்தால் சிவப்பு மஞ்சள் சாயலுக்குப் போய்விடும். ஒரு பழைய மட்கார்டில் வெள்ளி அடித்து, சிவப்பை ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று பட்டை பட்டையாக ஏற்றச் சொல்லுங்கள். செயின் கவருக்கு அடியில் வெயில் படாத இடத்து நிறத்தோடு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பட்டை ஒத்துப்போகிறதோ அத்தனை கோட்தான். ஃப்ரேம், ஃபோர்க், இரண்டு மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே கலவையில், அதே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். லக் பக்கம் துப்பாக்கி நாலு திசையிலிருந்தும் போவதால் அங்கே கறுத்துவிடும், அங்கே கை லேசாக இருக்கட்டும். கடைசியில் வெயில் தாங்கும் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இரண்டு கோட். அதில் கஞ்சத்தனம் செய்தால் சிவப்பு சீக்கிரமே வெளுத்துவிடும்.

பெயின்ட் கடையில்தான் எனக்குப் பொறுமை போகிறது. பெரிய டப்பாவிலிருந்து பேர் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெயின்டை இறுகவைக்கும் ஹார்ட்னர் எவ்வளவு, தின்னர் எது என்று கேட்டால் ‘பெயின்டருக்குத் தெரியும்’ என்கிறார்கள். அப்புறம் கிளியர் சுருங்கினால் யார் பொறுப்பு? லேபிளுள்ள டப்பாவை மட்டும் வாங்குங்கள். வெள்ளி, கேண்டி, கிளியர் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஹார்ட்னர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் மாஸ்க் உள்ள பட்டறையிலேயே அடிக்கச் சொல்லுங்கள், வீட்டு வாசலில் வேண்டாம்.

மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். அடித்து முடித்ததும் மூன்று வாரம் தொங்கவிடுங்கள். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் மறுநாளே கேரியர் கிளாம்பை முறுக்கினால் அது பெயின்டுக்குள் பதிந்துவிடும். மாட்டும்போது கிளாம்புக்கு அடியில் ஒரு துண்டு பழைய டியூப் ரப்பரை வைத்து மாட்டுங்கள்.