ஆன்டிபயாடிக் ஏன் தரவில்லை?

கேள்வி: பையனுக்கு வைரஸ் காய்ச்சலாம். ஆன்டிபயாடிக் கேட்டால், தேவையில்லை என்று பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பாக்டீரியா, வைரஸ் எல்லாம் ஒன்றுதானே?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஒன்றில்லை சகோதரி, டாக்டர் செய்தது சரி. பாக்டீரியா ஒரு முழு செல். தானே தின்று, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். வைரஸுக்குச் செல்லே கிடையாது. புரத உறைக்குள் கொஞ்சம் மரபுப்பொருள், அவ்வளவுதான்; நம் செல்லுக்குள் நுழைந்து அங்கிருக்கும் வசதிகளை வைத்துத்தான் தன்னைப் பிரதி எடுக்கும். பென்சிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கிறது, சுவரே இல்லாத வைரஸை அது என்ன செய்யும்? வெள்ளம் வடிந்த அப்புறம் வருகிற எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். டெங்கு வைரஸ், அதற்கு உதவாது.

அதற்காகப் பாக்டீரியா எல்லாம் விரோதி என்று நினைக்காதீர்கள். மல்லாட்டைச் (நிலக்கடலை) செடியைப் பிடுங்கினால் வேரில் முண்டு முண்டாக இருக்குமே, அதற்குள் இருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. தேவனாம்பட்டினம் கடல்நீர் ஒரு டீஸ்பூனில் கோடிக்கணக்கான வைரஸ் இருக்கும், பெரும்பாலும் பாக்டீரியாவைத் தாக்குபவை, நம்மைச் சீண்டாது.

பையனுக்கு மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் மறுபடி காட்டி, ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேளுங்கள்.