11 பந்தயங்களை வென்ற பாக்னாயாவை விட்டு, 3 வென்ற மார்ட்டினுக்கு 2024 மோட்டோஜிபி பட்டம் போனது நியாயமா?

நியாயம்தான். மோட்டோஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரில் பட்டம் வெற்றிகளின் எண்ணிக்கைக்கு அல்ல, பருவம் முழுவதும் சேரும் மொத்தப் புள்ளிகளுக்கே. நீங்கள் பாக்னாயாவின் ரசிகராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். கடைசிப் பந்தயத்திலும் அவரே முதலாவதாக வந்தும் பட்டம் இன்னொருவருக்குப் போனதே என்ற வருத்தம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. இதே கேள்வியை வைத்து என் தங்கை மகன் என்னோடு எத்தனையோ முறை வாதாடியிருக்கிறான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அதை அடுத்த சனி, ஞாயிறுகளில் மலேசியாவின் செபாங்கில் பந்தயம். நம் நேரப்படி நண்பகல் பன்னிரண்டரைக்குத் தொடக்கம். குடும்பம் முழுவதும் தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் கூடியிருந்தது. உள்ளே வளவில் பந்தி நடந்துகொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் முகப்புத் திண்ணையில், தூணில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அண்ணே, இலை போட்டு எவ்வளவு நேரமாச்சு" என்று தங்கை அழைத்தபோதுதான், சனிக்கிழமைக் குறும்பந்தயமான ஸ்பிரிண்டின் தொடக்கச் சுற்றுகளில், மார்ட்டினை விரட்டிக்கொண்டிருந்த பாக்னாயா வண்டியோடு சரிந்து விழுந்தார். தங்கை மகன் அதன்பின் சாப்பிட எழுந்து வரவே இல்லை. மார்ட்டினுக்கு 17 புள்ளியாக இருந்த முன்னிலை ஒரே பகலில் 29 ஆனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தின் முதல் சில சுற்றுகளை நான் மறக்க மாட்டேன். 29 புள்ளிகள் முன்னிலையில் இருப்பவர் ஒதுங்கிப் பின்னால் ஓட்டினாலே போதும் என்ற நிலையிலும், மார்ட்டின் வளைவுக்கு வளைவு பாக்னாயாவை முந்துவதும், அவர் உடனே திரும்ப முந்துவதுமாக இருவரும் உரசாமல் மோதிய அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக அந்தப் பருவத்தில் வேறொன்று இல்லை. பிறகு மார்ட்டின் இரண்டாம் இடத்தை உறுதி செய்துகொண்டு முடித்தார். வெற்றி பாக்னாயாவுக்கு, இடைவெளி 24. இரண்டு வாரம் கழித்துப் பார்சிலோனாவில் பாக்னாயா இரு நாள் பந்தயங்களையும் வென்றும், கணக்கு 508க்கு 498 என்று மார்ட்டின் பக்கமே நின்றது. அன்றிரவே தங்கை மகன் தொலைபேசியில், "பதினொன்று பெரிதா, மூன்று பெரிதா மாமா?" என்று கேட்டான்.

அவனுடைய வாதத்தில் வலுவான பகுதி ஒன்று உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை மட்டும் கூட்டினால் பாக்னாயா 370, மார்ட்டின் 337. ஸ்பிரிண்டை மட்டும் கூட்டினால் மார்ட்டின் 171, பாக்னாயா 128. அதாவது பட்டத்தைத் தீர்மானித்தது சனிக்கிழமைதான். ஆனால் ஸ்பிரிண்ட் 2023இலேயே வந்துவிட்டது. வென்றால் 12 புள்ளி என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். அந்த முதல் ஆண்டில் அதே விதியின் கீழ் பட்டம் வென்றவரும் பாக்னாயாதான். அப்போது சரியாக இருந்த விதி மறு ஆண்டில் எப்படித் தவறாகும்?

2024 மே மாதம் கட்டலூனியாவில் நடந்த ஸ்பிரிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் இருந்த ரவுல் பெர்னாண்டஸ் விழுந்தார், அடுத்து முதலிடத்துக்கு வந்த பிராட் பைண்டர் விழுந்தார், அவருக்குப் பின் முன்னிலை பெற்ற பாக்னாயா கடைசிச் சுற்றில் ஐந்தாம் வளைவில் விழுந்தார். கையில் இருந்த 12 புள்ளி அங்கே போனது. ஆண்டு முடிவில் இருவருக்கும் இடையே இருந்தது 10. மறுநாள் அதே ஐந்தாம் வளைவில் மார்ட்டினை முந்தி அவர் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய வேகத்தை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

மார்ட்டின் விழவே இல்லையா என்று கேட்பார்கள். விழுந்தார். ஹெரேஸில் முன்னிலையில் இருந்தபோதும், ஜெர்மனியில் முடிவுக்கு இரண்டே சுற்று இருந்தபோதும் விழுந்தார். மிசானோவில் தூறலைப் பெருமழை என்று நினைத்து, மழைக்கான டயர் பூட்டிய வண்டிக்கு மாறப் போய்ப் பதினைந்தாவதாக வந்தார். ஆனால் மீதியிருந்த 17 பந்தயங்களில் 3 வெற்றி, 10 இரண்டாமிடம், 3 மூன்றாமிடம், ஒரு நான்காமிடம். குறைந்த வெற்றிகளோடு பட்டம் வெல்வது புதிதென்று நினைப்பவர்கள், 2006இல் நிக்கி ஹைடன் 2 வெற்றிகளோடு, 5 வென்ற ரோசியை 5 புள்ளியில் தாண்டியதையும், 2020இல் ஜோன் மிர் ஒரே வெற்றியோடு பட்டம் பெற்றதையும் பார்க்க வேண்டும். 1999இல் 125 சிசி பிரிவில் எமிலியோ அல்சமோரா ஒரு பந்தயம்கூட வெல்லாமல் உலகப் பட்டம் பெற்றார்.

நான் மார்ட்டின் ரசிகன் என்பதால் இப்படி எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ரசிகன்தான், 2023 செப்டம்பரில் புத்த பன்னாட்டுப் பந்தயப் பாதையில் நடந்த இந்தியப் போட்டியிலிருந்து. வெப்பத்தால் 21 சுற்றுகளாகக் குறைக்கப்பட்ட அந்தப் பந்தயத்தில், தோல் உடையின் ஜிப் திறந்துகொள்ள, ஓடும் வண்டியிலேயே அதைச் சரிசெய்து இரண்டாவதாக வந்து, முடிந்ததும் நீர்ச்சத்து வற்றிச் சுருண்டு விழுந்தவரை எப்படி விரும்பாமல் இருப்பது? அந்தப் போட்டி அடுத்த ஆண்டே அட்டவணையிலிருந்து காணாமல் போனது எனக்கு ஆறாத குறை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயப் பாதைகள் உள்ள மாநிலம் நம்முடையது. அப்படியிருந்தும் எங்கள் ஊர்ப்பக்கம் பைக் பந்தயம் பார்ப்பேன் என்று சொன்னால், திருப்பத்தூர் சாலையில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் பிள்ளைகளோடு சேர்த்து நம்மையும் திட்டுகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் நான் தெருமுனை கூடத் தாண்டியதில்லை.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். மார்ட்டின் ஓட்டியது வண்டியைத் தயாரித்த டுகாட்டியின் சொந்த அணிக்கு அல்ல, அதன் வண்டிகளை ஓட்டிய தனி அணியான பிரமாக்குக்கு. 2002இல் மோட்டோஜிபி என்று பெயர் மாறிய பிறகு தயாரிப்பாளரின் சொந்த அணியைச் சேராத ஒருவர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. பருவத்தின் நடுவிலேயே, டுகாட்டியின் சொந்த அணியில் தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய அடுத்த ஆண்டு இடத்தை இன்னொரு ஓட்டுநரான மார்க் மார்கெஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த பின்பும் அவர் ஓட்டம் தளரவில்லை. பாக்னாயாவின் 11 வெற்றிகளைப் பதிவேட்டிலிருந்து யாரும் அழிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆண்டின் பட்டம் மார்ட்டினுடையது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.