இஃப் இருக்குற பக்கம் வுட் வருமா?

அண்ணா வணக்கம். தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல நர்ஸா இருக்கேன், வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறேன். கண்டிஷனல் சென்டென்ஸ், அதான் இஃப் போட்டு எழுதுற வாக்கியம், வந்தாலே கை நின்னுடுது. ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா பேசும்போது எதுவும் வாயில வரமாட்டேங்குது. நாளைக்கு நடக்கிறத பத்தி பேசும்போது செகண்டுல ஏன் பாஸ்ட் டென்ஸ் போடறோம்? ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்’னு எழுதினேன், தப்புன்னு அடிச்சிட்டாங்க, ஏன்னு சொல்லல. நீங்க சொல்லுங்க.
- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

‘நாளைக்கு நடக்கிறதுக்கு ஏன் பாஸ்ட்’னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கேள்வியில எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா அதுக்கு பதில் உங்க வாயிலயே இருக்கு. ‘நாளைக்கு டாக்டர் வந்தா சொல்றேன்’னு சொல்றீங்கல்ல, அந்த ‘வந்தா’வ பிரிச்சுப் பாருங்க. வந்தேன், வந்தா. போட்டேன், போட்டா. போனேன், போனா. நம்ம ‘ஆல்’ போய் ஒட்டுறதே இறந்தகால வடிவத்தோடதான், பேச்சு மட்டும் நாளைக்கு பத்தி, யாரும் குழம்புறதே இல்ல. ‘இஃப் ஐ ஹேட் எ கார்’ல வர்ற ஹேடும் நேத்து நடந்தத சொல்ல வரல, ‘என்கிட்ட கார் கிடையாது, இருக்குறதா நினைச்சுப் பாக்குறேன்’னு சொல்லுது, அவ்ளோதான்.

உண்மையான சிக்கல் வேற இடத்துல இருக்கு. ‘மழை பெஞ்சா வரமாட்டேன்’னும் சொல்றோம், ‘அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா’ன்னும் சொல்றோம். முதல்ல சொன்னது நடக்கக்கூடியது, ரெண்டாவது நடக்கவே நடக்காதது, ஆனா தமிழ்ல ரெண்டுக்கும் அதே ‘ஆ’ தான், கேக்குறவங்களே புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ் அப்படி விடாது, நடக்குமா நடக்காதான்னு நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு வெர்புலயே காட்டச் சொல்லும். ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வோன்ட் கம்’, ஆனா ‘இஃப் மை ஆன்ட் ஹேட் எ மஸ்டாஷ், ஷி வுட் பி மை அங்கிள்’. முதல்ல வந்தது ஃபர்ஸ்ட், அடுத்தது செகண்ட். இந்த ஒரு வித்தியாசத்த சொல்லாம டேபிள மட்டும் குடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறாங்களேன்னு எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு, எத்தன பிள்ளைங்க இதனால பயந்துபோய் பேசாமலே இருக்காங்க.

இப்ப உங்க வார்டுக்கே வருவோம். பேஷன்ட் மாத்திரைய கையில வச்சிருக்கார், போடப்போறார்னு நினைக்கிறீங்க: ‘இஃப் யூ டேக் த டேப்லெட், த பெயின் வில் கோ’. அவர் போடவே மாட்டேன்னு அடம் பிடிக்கிறார், நீங்களும் நம்பிக்கை விட்டுட்டீங்க: ‘இஃப் யூ டுக் த டேப்லெட், த பெயின் வுட் கோ’. தமிழ்ல ரெண்டுமே ‘போட்டா வலி போயிடும்’ தான். மறுநாள் காலைல, ராத்திரி பூரா வலியில துடிச்சவர்கிட்ட என்ன சொல்வீங்க? ‘போட்டிருந்தா போயிருக்கும்’. ‘இஃப் யூ ஹேட் டேக்கன் த டேப்லெட், த பெயின் வுட் ஹேவ் கான்’. எல்லாரும் பயப்படுற தேர்டு இதுதான், ஆனா தமிழ் பேசுறவங்களுக்கு இதுதான் ரொம்ப சுலபம்னு நான் சொல்வேன், ஏன்னா இதுக்கு நம்மகிட்ட அப்படியே ஒரு ஜோடி இருக்கு.

உங்க தப்பும் அங்கேயே விளங்கிடும். ‘தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்’ல ரெண்டு பக்கமும் ‘இரு’ வருதேன்னு ரெண்டு பக்கமும் வுட் ஹேவ் போட்டுட்டீங்கன்னு நினைக்கிறேன். ஆனா ஒண்ணு ‘இருந்தா’, இன்னொண்ணு ‘இருப்பேன்’. இருந்தாவுக்கு ஹேட், இருப்பேனுக்கு வுட் ஹேவ். ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’. ‘போட்டிருந்தா இப்ப வலி இருக்காது’ன்னு நேத்தையும் இன்னிக்கையும் கலந்து பேசுவோம்ல, அதுவும் இதே வழிதான்: ‘இஃப் யூ ஹேட் டேக்கன் இட், யூ வுடின்ட் பி இன் பெயின் நவ்’.

ஜீரோ பத்தி கவலையே வேணாம், சுகர் கொறஞ்சா கை நடுங்கும்ங்கிற மாதிரி எப்பவும் நடக்குறது, ரெண்டு பக்கமும் ப்ரெசன்ட். அப்புறம் அன்லெஸ் போட்டா அதுக்குள்ளயே ‘இல்லன்னா’ இருக்கு, கூட ஒரு நாட் சேக்காதீங்க. ‘இஃப் ஐ வாஸ் யூ’ன்னு பேச்சுல கேப்பீங்க, பரீட்சைல ‘வேர்’ எழுதிடுங்க.

பயிற்சிக்கு தனியா புக் வேணாம்மா. டியூட்டில நீங்களே சொல்ற ‘ஆ’ வாக்கியம் அஞ்ச ராத்திரி ஒரு நோட்டுல எழுதுங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் நடக்கும், நடக்காது, நடக்காம போச்சு, இதுல எதுன்னு தமிழ்லயே குறிங்க, அதுக்கு அப்புறம்தான் இங்கிலீஷுக்கு மாத்தணும், வாய்விட்டு சொல்லிக்கிட்டே. முதல் வாரம் மெதுவாத்தான் போகும், விடாதீங்க.

‘நான் உங்க இடத்துல இருந்தா லீவு கேட்டிருக்க மாட்டேன்’, இத மாத்தி எனக்கு எழுதி அனுப்புங்க. இதுல ‘இருந்தா’ இப்பவா, அப்பவான்னு யோசிச்சுட்டு எழுதுங்க.