கடலிடம் பாடம் கேட்க வேண்டாம்

மதிப்புக்குரிய ரீச்சர்,

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் அன்பியத்தில், அதாவது அயல் வீட்டார் கூடிச் செபிக்கும் பங்குக் குழுவில், தவக்காலம் தொடங்கியதில் இருந்து ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கிழமைக்கு ஒரு வீட்டில் கூடுகிறோம். வாசகம் வாசித்து முடிந்ததும் ஒவ்வொருவரும், வீட்டு வேலையிலோ இயற்கையிலோ அந்தக் கிழமை கடவுள் தங்களுக்குக் கற்றுத்தந்த ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் தும்புத்தடியைப் பற்றிச் சொல்வார், ஒருவர் எறும்பைப் பற்றி. எனக்கு ஒன்றும் வருவதில்லை. முதல் கிழமை வெங்காயத்தை வைத்து ஒன்றைச் சோடித்துச் சொன்னேன், தோலை உரிக்க உரிக்கப் பாவம் போகிறது என்று. எல்லோரும் நல்லது என்றார்கள். வீட்டுக்கு வரும்போது வெட்கமாக இருந்தது.

விடிய நாலரைக்கு எழும்பிப் பிட்டு அவித்து, மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பி, அவரையும் வேலைக்கு அனுப்புகிறேன். அதற்குள் பாடம் தேட நேரமும் இல்லை. உண்மையைச் சொன்னால் மனமும் இல்லை.

போன கிழமை ஒரு அம்மா, கடல் அலை ஓயாமல் வருவதுபோலக் கடவுளின் அன்பும் ஓயாது என்று சொன்னார். நல்ல மனுசி, ஒன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் அக்காவைக் கடல்தான் கொண்டுபோனது. அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் எழும்பி வந்துவிட்டேன். இந்தக் கிழமை போகவில்லை. எல்லாவற்றிலும் கடவுளைக் காண முடியாமல் இருப்பது என் விசுவாசக் குறைவா ரீச்சர்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

விசுவாசக் குறைவு இல்லை. இதை முதலே சொல்லிவிட வேண்டும், மிச்சத்தை நீங்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

வெங்காயப் பாடத்துக்கு எல்லோரும் தலையாட்டிய பிறகும் உங்களுக்கு வெட்கம் வந்ததே, அந்த வெட்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பாவம் போக வேண்டும் என்ற எண்ணம் உங்களிடம் முதலே இருந்தது. அதற்குத் துணையாக வெங்காயத்தைப் பிடித்து இழுத்தீர்கள். ஆனால் வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்பது நாளும் பொழுதும் சமைக்கிற உங்களுக்குத் தெரியும். ஒன்றும் மிஞ்சாமல் போவதற்காக ஆண்டவர் நம்மை மீட்கவில்லை. உங்கள் கைக்குத் தெரிந்ததை வாய் மறைத்துப் பேசியது, அதுதான் உறுத்தியது.

இயேசு அப்படிப் பேசியவர் இல்லை. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வலை உவமையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கல்லடிக்காரி, கரைவலை இழுப்பதைச் சின்ன வயதில் இருந்தே பார்த்திருப்பீர்கள். தோணி ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுக் கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கி, மற்ற முனையோடு தள்ளி வந்து கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணித்தியாலக் கணக்கில் இழுப்பார்கள். மடி கரையேறும்வரை உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏறிய பிறகுதான் மணலில் குந்தியிருந்து பிரிப்பார்கள். சூடை ஒரு பக்கம், கீரி ஒரு பக்கம், பேத்தையும் சொறியும் தூரப் போய் விழும். இழுக்கிற நேரத்தில் ஒருவரும் பிரிப்பதில்லை. பிரிக்கப் போனால் கயிற்றை யார் பிடிப்பது?

நற்செய்தியிலும் அப்படியேதான் இருக்கிறது. வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிகிறார்கள். அந்த உட்காருதலைக் கலிலேயாக் கரையில் நின்று கண்ணால் கண்ட ஒருவர்தான் சொல்ல முடியும். கடைசிப் பிரிப்பு வானதூதருக்கு உரியது என்கிறார் ஆண்டவர். யார் நல்லவர், யார் ஆகாதவர் என்று இப்போதே தரம் பிரிக்கிற அவசரம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. பங்கிலும் உண்டு, குடும்பத்திலும் உண்டு. அந்த அவசரத்துக்கான பதில் அந்த வேலைக்குள்ளேயே கிடந்தது. அவர் வெளியில் இருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

புளித்த மா உவமையும் அப்படித்தான். அந்தப் பெண் மூன்று மரக்கால் மாவில் புளிப்பைப் பிசைகிறாள். ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம், பெரிய பந்திக்கே காணும். மா பிசைகிற பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவரின் பேச்சு அது. நாசரேத்து வீட்டில் முப்பது வருடமளவில் இருந்தாரே, அவர் பேசத் தொடங்கியபோது அந்த வீட்டில் கண்டதெல்லாம் உவமையாக வந்தது.

எங்கள் மண்ணிலும் இப்படிக் குசினியில் இருந்து தானாக எழும்பி வந்த ஒரு பேச்சு உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மட்டக்களப்பில் சொல்லாதவர் இல்லை. அதை யார் முதலில் சொன்னார்களோ, பிட்டு அவித்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். வறுத்த மாவுக்குச் சுடுதண்ணீரைத் தெளித்துக் குழைக்கும்போது எவ்வளவு தண்ணீர் என்று யாரும் அளப்பதில்லை. மாவுக்கு மா மாறும், மாரிக்கு மாறும், விரல்தான் சொல்லும். சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்தி, மணி மணியாக வந்ததும் குழலுக்குள் ஒரு பிடி தேங்காய்ப்பூ, ஒரு பிடி மா, திரும்ப ஒரு பிடி தேங்காய்ப்பூ. இரண்டும் ஒன்றாக அவியும், ஒன்று மற்றதாக மாறாது. தேங்காய்ப்பூ இல்லாவிட்டால் பிட்டு தொண்டையில் அடைக்கும். ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி, ஏறாவூர் என்று ஊர்கள் அடுத்தடுத்துக் கிடக்கிற கிடையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1990இன் படுகொலைகளில் இந்த இரண்டு சமூகமும் பட்டதை நினைத்தாலும், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு வந்த கசப்பை நினைத்தாலும், இந்தப் பேச்சு சாகாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். எந்தக் கூட்டத்திலும் யாரும் இதைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. விடிய எழும்பிப் பிட்டு அவித்த சனத்துக்கு அது கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகையால் தேடாதீர்கள், மகள். பிட்டு அவிக்கும்போது பிட்டை அவியுங்கள். அன்றைக்கு ஒன்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும் பிள்ளைகள் பசியாறிப் பள்ளிக்குப் போயிருப்பார்கள். "பசியாயிருந்தேன், நீங்கள் உணவு கொடுத்தீர்கள்" என்று சொல்லப்போகிறவர் அதில் என்ன பாடம் கண்டாய் என்று கேட்கப்போவதில்லை.

இயற்கையும் அப்படித்தான். எங்கள் வாவியில் நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள் இருந்து வருகிற பாட்டைக் கேட்பவர்கள் என்ன செய்வார்கள்? தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற முனையில் காதை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். 1950களில் அமெரிக்க இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்தார். பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்ற கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. காதை வைப்பவர்கள் அது தீரும்வரை காத்திருக்கவும் இல்லை. காட்டுமலர்ச் செடிகள் எப்படி வளர்கின்றன என்று கவனியுங்கள் என்றுதான் ஆண்டவரும் தொடங்குகிறார். பூவை நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லாமல் அதில் இருந்து கருத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்கு ஓடுவது எனக்கு வழிபாடாகத் தெரியவில்லை.

மனமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துக் குசினியில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், சட்டி பானைக்கு நடுவே கடவுளோடு இருந்ததற்காக இன்றும் நினைக்கப்படுகிறவர். அவருக்குக் குசினி வேலை இயல்பிலேயே பிடிக்காது. அவிலா புனித தெரேசாவும், ஆண்டவர் பானைகளுக்கு நடுவிலும் உலவுகிறார் என்று எழுதினார். யாருக்கு எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கீழ்ப்படிதலால் வேலைக்குப் போனதில் செபிக்க நேரமில்லாமல் மனம் நொந்த சகோதரிகளுக்கு. வேலை செய்து களைத்தவளுக்குச் சொன்ன ஆறுதல் அது.

அந்த ஆறுதலை எடுத்து, வேலை செய்யாதவர்கள் வேலை செய்கிறவளுக்குப் போதிக்கத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். சமையலும் செபம்தான், சட்டி கழுவுவதும் தவம்தான் என்று சில பிரசங்கங்களில் கேட்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தத் தவத்தை வீட்டில் ஒருத்தி மட்டும் ஏன் செய்ய வேண்டும்? லூக்கா நற்செய்தியில் மார்த்தா பரபரப்பாக இருந்தபோது, மரியாவைத் தன் காலடியில் இருந்து எழுப்பிக் குசினிக்கு அனுப்பவில்லை இயேசு. யோவான் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவரே விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் வாட்டுகிறார். இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் படாமல், கடைசியில் அவர் சொன்ன பக்கம் வலை போட்டு அள்ளி வந்த ஆட்களிடம், அந்த மீனில் இருந்து ஒரு போதனையையும் அவர் எடுக்கவில்லை. உணவருந்த வாருங்கள் என்கிறார். பேதுருவோடு பேச வேண்டியதைச் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பேசுகிறார். இந்த அதிகாரத்தை ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரரோடு இருந்து வாசியுங்கள். அடுத்த நாள் நாலரைக்கு அவரும் எழும்பட்டும். தேங்காய் துருவுவதற்கு ஆண்கையும் போதும்.

இனி உங்கள் அக்கா.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். நாவலடியிலும் கல்லடியிலும் எங்கள் கல்லடித் திருச்செந்தூரிலும் அன்று காலை சுனாமியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில், இது தண்டனை என்றும், எச்சரிக்கை என்றும், ஏதோ ஒரு பாடம் என்றும் பேசியவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். பிள்ளையைத் தேடித் திரிந்த தாய்மாருக்கு முன்னாலேயே பேசினார்கள்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். மனம் மாறுங்கள் என்று அவர் திருப்பிச் சொன்னது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. செத்தவர்களை வைத்து அவர்கள்மேல் ஒரு கணக்கு எழுத அவர் விடவில்லை. மலரில் இருந்தும் குருவியில் இருந்தும் கடுகு விதையில் இருந்தும் அத்தனை சொன்னவர் இந்த இடத்தில் மறித்து நிற்கிறார். அவர் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிற்கலாம்.

கடலை நேசிக்க வேண்டும் என்று திருவிவிலியம் உங்களைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. வெள்ளம் கழுத்துவரை வந்துவிட்டது, காப்பாற்றும் என்று கதறுகிற 69ஆம் திருப்பாடல் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்தில் புதிய வானமும் புதிய மண்ணும் வரும்போது கடல் இல்லாமல் போகிறது. உள்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போவார்கள். கல்லடியில் இருந்து வாசிக்கிற ஒருத்திக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். எனக்கு அந்த வரி மிக வேண்டியது.

அலையைப் பற்றிச் சொன்ன அந்த அம்மாவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குக் கடல் அப்படிப் பேசியிருக்கும். உங்களுக்கும் அப்படியே பேச வேண்டும் என்று ஒருவரும் கேட்க முடியாது.

எல்லாவற்றிலும் கடவுளைக் காண்பது என்ற பேச்சை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் இயேசு சபையினர். 1895இல் பிரெஞ்சுக் குருமார் வந்தார்கள், பிறகு அமெரிக்கர். அவர்களின் புனித இஞ்ஞாசியார் அதற்குக் காட்டிய வழி உங்கள் கூட்டத்தில் நடப்பதைவிட மிகவும் லேசானது. இரவு படுக்க முன்னர் அன்றைய பகலை விடியலில் இருந்து ஒருமுறை மெல்ல நடந்து பாருங்கள். எது கிடைத்தது, அதற்கு நன்றி. எங்கே மனம் கடினப்பட்டது, அதற்கு மன்னிப்பு. நாளைக்கு என்ன உதவி வேண்டும், அதைக் கேளுங்கள். ஒரு கால் மணித்தியாலம் போதும். அக்காவின் நினைவு வருகிற இரவுகளில் கோபத்தையும் அதற்குள் வைக்கலாம். அதை ஒருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்பியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் பார்த்துச் செபிப்பதற்கு வேறு இடம் எங்களுக்கு இல்லை. அடுத்த கிழமை போங்கள். உங்கள் முறை வந்ததும், இந்தக் கிழமை எனக்குப் பாடம் ஒன்றும் இல்லை, என் அக்காவுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று அவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இருக்கிறார்களோ தெரியாது. பிறகும் யாராவது பாடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நின்றால் எனக்கு எழுதுங்கள். தாண்டவன்வெளியில் இருந்து கல்லடி தூரமில்லை, அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
ரீச்சர்