குரலும் போச்சு, வேலையும் போச்சு: கேஸ் போடலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிக்கு வந்து, அங்கே ஒரு கேபிள் சேனலில் 2018 நவம்பரிலிருந்து செய்தி வாசித்தவர். சம்பளம் 18,000 ரூபாய், நாளைக்கு நாலு புல்லட்டின். குரல்நாணில் முடிச்சு விழுந்துவிட்டது, ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று பாலக்காட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஓய்வு முடிந்து 2025 மார்ச்சில் போனால் அவர் நாற்காலியில் வேறொரு பெண். "குரல் சரியானதும் கூப்பிடுகிறோம்" என்றவர்கள் இதுவரை கூப்பிடவில்லை.

சகோதரி, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களை எடுத்தது, 'தகர டப்பா குரல்' என்று கேமராமேன் கிண்டலடித்தது, பொங்கலுக்கு எல்லோருக்கும் கொடுத்த சேலை உங்களுக்கு வராதது எல்லாவற்றையும் படித்தேன். வருத்தம்தான், ஆனால் நீதிமன்றத்தில் இதில் ஒன்றுக்கும் காலணா மதிப்பில்லை. அங்கே கேட்கப்போவது ஒன்றைத்தான்: நீங்களாக வேலையை விட்டீர்களா, அவர்கள் நிறுத்தினார்களா?

மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பெரிய விஷயமில்லை என்பதுபோல, ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வில் இருந்தபோது ராத்திரி பதினொன்றரைக்கு எடிட்டருக்கு, "சார், இனி என்னால வாசிக்க முடியாது போல இருக்கு, மன்னிச்சிடுங்க" என்று அனுப்பினீர்கள், அவர் ஒரு கட்டைவிரல் போட்டார். அதை ராஜினாமா என்றும், கட்டைவிரலை ஏற்பு என்றும் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதை உடைக்க, மார்ச்சில் நீங்கள் வேலைக்குப் போய் நின்றதற்கு ஏதாவது வேண்டும். "எப்போ வரட்டும் சார்?" என்று அதற்குப் பிறகு ஒரு மெசேஜ் போயிருந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது அந்த இரண்டாவது சர்டிபிகேட். முதலாவது 'ஆறு வாரம் ஓய்வு' என்கிறது, நல்லது. வேலை போன பிறகு யாரோ சொன்னார்கள் என்று 'இனி தொழில்முறையாகக் குரலைப் பயன்படுத்த இயலாது' என்று இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறீர்கள், நஷ்டஈடு கூடும் என்ற நினைப்பில். உங்களை நிறுத்தியபோது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நிறுத்தினால் அது ஆட்குறைப்புக் கணக்கிலேயே வராது. அப்புறம் எந்த நஷ்டஈடு? என்னிடம் வந்த ஒரு தனியார் பஸ் கண்டக்டர் இப்படித்தான், முதுகுவலிக்கு 'நின்று வேலை செய்யவே முடியாது' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். முதலாளி தரப்பு அதை மறுக்கவேயில்லை, ஆமாம் ஐயா அதனால்தான் நிறுத்தினோம் என்று சொல்லிவிட்டு, கூடவே அதே மாசம் பழனிக்குக் காவடி எடுத்துப் போன போட்டோவையும் நீட்டினார்கள்.

உங்களுக்கும் ஒரு காவடி இருக்கிறது: தோழியின் யூடியூப் சேனலுக்குக் கொடுக்கும் வாய்ஸ் ஓவர். குரலே போய்விட்டது என்று ஒரு தாள், குரல் கொடுக்கும் வீடியோ இன்னொரு பக்கம். பின்சம்பளம், அதாவது வேலையை விட்டு நிறுத்தியிருந்த காலத்துக்கான சம்பளம், கேட்பவர் தனக்கு வேறு வருமானம் இல்லை என்று சொல்லியாக வேண்டும், 2013இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. பொய்யாகச் சொல்லிவிட்டு மாட்டினால், உண்மையாகச் சொன்ன மற்றதும் சேர்ந்து போகும்.

பாலக்காட்டில் போடலாமா என்றால், வேண்டாம், வேலை பார்த்த இடம் பொள்ளாச்சி, கோவைதான். காலக்கெடு பழைய சட்டத்தில் மூன்று வருஷம், 2025 நவம்பரில் வந்த புதிய சட்டத்தொகுப்பில் இரண்டு. எது பொருந்தும் என்று வாதாடும் நிலைக்கே போகாதீர்கள், மனுவை உடனே கொடுத்துவிடுங்கள். 'செய்தி வாசிப்பவர் தொழிலாளியே இல்லை' என்று ஒரு வாதம் வரும், அதையும் எதிர்பாருங்கள். வங்கிக்கு வந்த பணத்தில் 194ஜே என்று, அதாவது சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில், பத்து சதவீதம் வரி பிடித்திருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் கூடும். மாறாக, சம்பள ரசீதில் இ.எஸ்.ஐ. என்று 135 ரூபாய் பிடித்தம் இருந்தால் காற்று உங்கள் பக்கம்.

என்னைக் கேட்டால் பேசி முடியுங்கள். ஐந்து வருஷம் தாண்டியதால், நீங்களே விட்டிருந்தாலும் கிராஜுவிட்டி உண்டு: 18,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆறு வருஷத்துக்கு ஏறக்குறைய 62,300. வழக்கில் ஜெயித்தால் ஆட்குறைப்பு நஷ்டஈடு சுமார் 54,000, நோட்டீஸ் சம்பளம் 18,000 சேரும். கிராஜுவிட்டியில் பேரமே வேண்டாம், மீதி 72,000இல் நாற்பது ஐம்பது கொடுத்து நல்லபடியாக ஓர் அனுபவச் சான்றிதழும் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பணம் வங்கியில் ஏறும் முன் 'பாக்கி ஏதும் இல்லை' தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

யூடியூப் வீடியோக்களை இப்போது அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் கேவலம். சம்பள ரசீது, இரண்டு சர்டிபிகேட், அந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும், இவற்றை அனுப்புங்கள். கடிதம் வேண்டாம்.